மோங் படங்களை யார் பார்க்கிறார்கள்?

"அமெரிக்காவில் மோங் மக்கள் தங்கள் மொழியிலேயே சினிமா எடுத்து விற்கிறார்களாமே, மூன்று லட்சத்தைச் சுற்றியே இருக்கிற ஒரு சமூகத்துக்கு அது எப்படிக் கட்டுப்படியாகிறது, யார் பார்க்கிறார்கள், பார்க்கிற மாதிரி இருக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டுப்படியாகிறதா என்றால், பெரும்பாலும் இல்லை. பார்க்கிற மாதிரி இருக்குமா என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம், ஏனென்றால் யார் பார்க்கிறார்கள் என்பது புரியாமல் அதற்குப் பதில் சொன்னால் அநியாயமாகப் போய்விடும். நான் வேலைக்காக மினசோட்டா மாநிலத்துச் செயின்ட் பாலில் சில வருடம் இருந்தவன். அந்த ஊரில் மோங் மக்களைத் தெரியாமல் இருக்கவே முடியாது. பக்கத்து இருக்கையில் வேலை பார்த்த நண்பர் மோங், காய்கறி வாங்கினது மோங் சந்தையில், அப்படித்தான் இந்தப் படங்கள் எனக்குப் பழக்கம். அதற்கப்புறம் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

முதலில் பெயர். ஹ்மோங் என்று எழுதுவார்கள், அந்த 'ஹ்' மூக்கு வழியாக விடுகிற ஒரு மூச்சு. அவர்களிலேயே ஒரு கிளைமொழிக்காரர்கள் அந்த மூச்சை விடாமல் மோங் என்றே சொல்கிறார்கள். நமக்கும் அதுவே வசதி. அவர்களுடைய எழுத்தில் இந்தப் பெயரின் கடைசியில் ஒரு 'பி' நிற்கும். அது ஒலிக்கிற எழுத்து இல்லை, குரலை உயர்த்திச் சொல்ல வேண்டும் என்பதற்கான குறி. இந்த ரோமன் எழுத்துமுறையே 1950களின் தொடக்கத்தில் லாவோஸில் மிஷனரிகள் உண்டாக்கியதுதான். அதற்கு முன் அன்றாடப் புழக்கத்தில் எழுத்தென்று ஒன்று அவர்களிடம் இல்லை, அதற்குப் பின்னும் மலைக்கிராமத்தில் எத்தனை பேர் கற்றிருப்பார்கள்? இதை மனதில் வையுங்கள், சினிமா கதை இங்கேதான் தொடங்குகிறது.

லாவோஸ் மலைகளில் 1961 வாக்கிலிருந்து சிஐஏ கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக ஒரு ரகசியப் போர் நடத்தியது, தளபதி வாங் பாவின் கீழ் மோங் ஆட்களைச் சேர்த்து. போர் தோற்று, 1975 மே மாதம் லோங் தியெங் தளத்திலிருந்து விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனது ஏறக்குறைய 2,500 பேரை. மிச்சப்பேர் காட்டு வழியாக நடந்து, மேகோங் ஆற்றை மூங்கில் தெப்பத்திலோ நீந்தியோ கடந்து தாய்லாந்து முகாம்களுக்குப் போனார்கள், வழியிலும் ஆற்றிலும் செத்தவர்கள் ஏராளம். முகாம்களில் பெரியது பான் வினாய், 1992இல்தான் மூடினார்கள். அங்கிருந்து அமெரிக்கா, பிரான்ஸ், ஆஸ்திரேலியா, ஏன், தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானா காடு வரைக்கும் குடும்பங்கள் சிதறின.

சிதறின குடும்பங்கள் ஒன்றுக்கொன்று கடிதம் எழுத வேண்டுமே. எழுதத் தெரியாது. ஆகவே ஒலிநாடாவில் பேசி அனுப்பினார்கள். முகாமிலிருந்து ஒரு பாட்டி அரைமணி நேரம் பேசுவார், நடுவில் அழுவார், பாடுவார் (மோங் மொழியில் மரபாகவே பாட்டாய்ச் சொல்கிற செய்தி உண்டு), அந்த கேசட் மினசோட்டாவுக்கு வரும், மொத்த வீடும் உட்கார்ந்து கேட்கும், திருப்பிப் பதில் போகும். என்னைக் கேட்டால் மோங் சினிமாவின் தாத்தா இந்தக் கேசட் கடிதம்தான். கேமரா மலிவானதும் குரலோடு முகமும் சேர்ந்துகொண்டது, அவ்வளவே.

80களின் கடைசியில் லாவோஸ் கதவைக் கொஞ்சம் திறந்தது. போய்வரக் காசிருந்தவர்கள் கையடக்க வீடியோ கேமராவோடு போனார்கள். கிராமத்தைப் படம்பிடித்தார்கள், ஆற்றை, சந்தையை, பெண்கள் துணியில் மெழுகு வைத்துச் சாயம் போடுவதை. திரும்பிவந்து வீட்டில் போட்டுக் காட்டினால் அக்கம்பக்கமெல்லாம் கூடிவிட்டது, ஆளுக்கொரு பிரதி கேட்டார்கள். பிரதி போட்டுத் தருகிறவர் கடைக்காரரானார், கடைக்காரர் அடுத்த பயணத்துக்குக் காசு சேர்த்தார். தென்மேற்குச் சீனாவுக்கும் போனார்கள். அங்கே மியாவ் என்ற பெரிய பிரிவுக்குள் வைத்து எண்ணப்படுகிற இனங்களில் மோங்கும் ஒன்று, பழைய பூர்வீகம் அந்தப் பக்கம்தான் என்பது அவர்கள் நம்பிக்கை. கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் சூ தாவ், செயின்ட் பாலில் மோங் புத்தகக் கடை நடத்திய யுபெங் சியோங் போன்றவர்கள் இந்தப் பயண, வரலாற்று வீடியோக்களால் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்கள் ஆனார்கள். லூயிசா ஷைன் என்ற மானுடவியலாளர், முதலில் சீனாவின் மியாவ் மக்களை ஆராய்ந்தவர், பிறகு அமெரிக்க மோங் வீடுகளில் இந்த நாடாக்களோடு உட்கார்ந்து வருடக்கணக்கில் எழுதியிருக்கிறார். இந்த விஷயத்தை முதலில் பொருட்படுத்தின ஆட்களில் அவர் ஒருவர்.

ஒரு தடவை நண்பர் வீட்டில் நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, வெளியே பனி, அவர் அம்மா சோபாவில் தைப்பு வேலையோடு உட்கார்ந்து ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தார். காதல் கதை, கதாநாயகி அழுதுகொண்டே மலைச்சரிவில் இறங்கி வருகிறாள், முதுகில் பிரம்புக் கூடை. சரியாக அங்கே அந்த அம்மா ரிமோட்டை எடுத்து நிறுத்திவிட்டார். எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய், நாயகியை விட்டுவிட்டு அவளுக்குப் பின்னால் தெரிந்த சரிவை விரலால் தொட்டு ஏதோ சொன்னார். நண்பர் மொழிபெயர்த்தார்: "மேலே மக்காச்சோளம், கீழே மலைநெல். எங்கள் வயலும் இப்படித்தான் இருக்கும் என்கிறார்." படம் ஒரு ஐந்து நிமிஷம் அப்படியே நின்றது. கதை என்ன ஆகும் என்ற அவசரம் அங்கே யாருக்கும் இல்லை.

விற்பனைக்கு வருவோம். தியேட்டர் கிடையாது, விநியோகஸ்தர் கிடையாது. டிவிடி காலத்தில் புத்தாண்டுத் திருவிழாதான் இவர்களுக்கு ரிலீஸ் தேதி. அறுவடை முடிந்து வரும் மோங் புத்தாண்டு, செயின்ட் பாலில் நவம்பர் கடைசியில், ஃப்ரெஸ்னோவில் டிசம்பர் கடைசியில் பொருட்காட்சித் திடல் முழுக்க. இளவட்டங்கள் வரிசை கட்டி நின்று பந்து வீசிப் பிடித்துக்கொண்டே பேச்சுக் கொடுப்பார்கள், பக்கத்திலேயே வரிசையாகக் கடைகள், வெள்ளி நகை, மூலிகை, அவற்றுக்கு நடுவில் வீடியோக் கடை. ஜூலையில் செயின்ட் பாலின் கோமோ பூங்காவில் கால்பந்துத் திருவிழா, அங்கேயும் கடை. மற்ற நாட்களில் மளிகைக் கடையின் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஒரு அலமாரி. 2004இல் செயின்ட் பாலில் ஒரு பழைய மரக்கிடங்கில் ஹ்மோங்டவுன் என்ற சந்தை வந்தது, 2010இல் கிழக்குப் பக்கம் ஹ்மோங் வில்லேஜ். உள்ளே நுழைந்தால் ஒரு பக்கம் உரலில் பப்பாளி சாலட் இடிக்கிற சத்தம், இன்னொரு பக்கம் கடைக்குக் கடை டிவியில் வேறு வேறு படம், எல்லாமே உச்சஸ்தாயியில். படத்தை எடுத்தவரே கடையில் நின்று விற்பார். நடித்தவரும் நிற்பார். "இரண்டாம் பாகம் எப்போ?" என்று நேரிலேயே சண்டைக்கு வருவார்கள். பார்வையாளரோடு இவ்வளவு நெருக்கமான சினிமாவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதே நெருக்கம்தான் குழியும் பறித்தது, ஒரு பிரதி வாங்கினால் குலத்துக்கே போதும், மருமகன் பத்து பிரதி போட்டுச் சித்தப்பா வீடுகளுக்குக் கொடுத்துவிடுவான். போலீசுக்குப் போவதா? திருட்டுப் பிரதி போட்டவன் உங்கள் மச்சானாக இருப்பான்.

சரி, கடையில் இருந்ததெல்லாம் மோங் படமா என்றால் இல்லை. பாதிக்குமேல் மொழிமாற்றம். தாய்லாந்துத் தொடர்கள், சீன வாள்சண்டைப் படங்கள், கொரியத் தொடர்கள், அப்புறம் நம் பக்கத்து இந்திப் படங்கள்! ஆமாம், இந்திப் படங்களுக்கு மோங் மொழியில் குரல் கொடுத்து விற்றார்கள், நன்றாகவே ஓடின. நான் பார்த்த ஒன்றில் ஒரே ஆண் குரல்தான் கதாநாயகன், அப்பா, வில்லன் மூவருக்கும், கோபம் வரும்போது மட்டும் கொஞ்சம் கட்டையாகும். பாட்டை இந்தியிலேயே விட்டுவிட்டார்கள். கதாநாயகனுக்கு மோங் பெயர். அனுமதி வாங்கினார்களா என்று கேட்காதீர்கள். ஆனால் மாமியார் கொடுமை, பெரியவர்கள் நிச்சயிக்கிற கல்யாணம், குடும்ப மானம் என்று வந்தால் ஒரு மோங் பாட்டிக்கு ஹாலிவுட்டைவிட இது சொந்தமாக இருந்ததில் என்ன ஆச்சரியம்?

சொந்தப் படங்களின் கதைகளும் இதே வட்டத்தில்தான் சுற்றும். அனாதைப் பையன் ஒருவன் கஷ்டப்பட்டு ராஜகுமாரியையோ நாக கன்னியையோ மணப்பது, இது அவர்கள் நாட்டுப்புறக் கதைகளின் நிரந்தர நாயகன். புலி மனித உருவில் வந்து மனைவியைத் தூக்கிப்போவது. காட்டில் தலைவிரிகோலமாக அலையும் பெண் பேய். போர், காட்டில் ஒளிவது, ஆறு கடப்பது, தெப்பத்தில் குழந்தை அழுதுவிடக்கூடாதே என்ற பயம். அப்புறம் குலம். வாங், யாங், சியோங், லீ, மோவா, தாவ் என்று பதினெட்டுக் குலம் என்பது பொதுவாகச் சொல்கிற கணக்கு, ஒரே குலத்துக்குள் கல்யாணம் கூடாது. காதலித்த பிறகுதான் இருவருக்கும் ஒரே குலப்பெயர் என்று தெரிந்தால் அதுவே ஒரு முழுப் படம்.

இதில் எனக்கு மிகவும் சுவாரஸ்யமான வகை, அமெரிக்காவிலிருந்து லாவோஸுக்கோ தாய்லாந்துக்கோ போகிற நடுவயது ஆணின் கதை. இங்கே ஆங்கிலம் வராமல், வேலை சரியில்லாமல், பிள்ளைகளிடமே மரியாதை இல்லாமல் கிடக்கிற மனிதர் அங்கே இறங்கினதும் டாலர் வைத்திருக்கும் மாப்பிள்ளை. பெரிய படிப்பு, பெரிய உத்தியோகம் என்று புளுகி இளம்பெண்களை வளைப்பார். படமாக வரும்போது இது சிரிப்புப் படம், எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற முதல் மனைவிக்கு அது சிரிப்பா? இப்படி நிஜமாகவே போய் வயதில் பாதிகூட இல்லாத பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு, மோங் பெண்கள் அமைப்பாகத் திரண்டு எதிர்த்திருக்கிறார்கள். எடுத்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள், ஊரைப் பற்றின ஏக்கமும் ஊர்ப்பெண்ணைப் பற்றின ஆசையும் ஒரே சட்டகத்தில் கலந்துதான் வரும். ஷைனும் தம் கட்டுரைகளில் இதைத்தான் கிளறுகிறார். இந்தப் படங்களைப் புகழ்கிற நம்மைப் போன்ற வெளியாட்கள் இந்த இடத்தைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன், அது சரியில்லை.

பேய் என்றதும் ஒன்று. 70களின் கடைசியிலும் 80களின் தொடக்கத்திலும் அமெரிக்கா வந்த மோங் அகதிகளில், ஆரோக்கியமான இளைஞர்கள் பலர் தூக்கத்திலேயே இறந்தார்கள். காரணம் பிடிபடவில்லை, நெஞ்சில் ஏறி அழுத்துகிற ஆவி என்று வீட்டில் சொன்னார்கள். தென்கிழக்காசிய அகதிகளின் இந்த மரணங்களைப் பற்றிப் பத்திரிகையில் படித்ததுதான் கனவில் வந்து கொல்லும் தன் 1984 படத்துக்கு விதை என்று இயக்குநர் வெஸ் கிரேவன் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு பயத்தை வைத்து ஹாலிவுட்டில் எத்தனை பாகம் ஓடியது! மோங் ஆட்கள் எடுத்த பேய்ப்படம் மளிகைக்கடை அலமாரியில் இருந்தது.

படப்பிடிப்பு பெரும்பாலும் தாய்லாந்தில். லாவோஸில் அமெரிக்க மோங் ஒருவர் கேமராவோடு திரிந்தால் அரசுக்குச் சந்தேகம் வரும், காரணமும் உண்டு. 2003இல் காட்டில் ஒளிந்து வாழ்ந்த மோங் குழுக்களைப் பதிவுசெய்யப் போன இரண்டு ஐரோப்பியப் பத்திரிகையாளர்களையும் உடன் சென்ற மினசோட்டா மோங் போதகரையும் கைதுசெய்து நீண்ட சிறைத்தண்டனை விதித்து, உலகமே கத்தின பிறகு சில வாரங்களில் விட்டார்கள். தாய்லாந்தில் அந்தத் தொல்லை இல்லை. பெட்சாபூன் மாகாணத்தில் கேக் நோய் என்று ஒரு பெரிய மோங் ஊர், மலை இருக்கிறது, மரபு உடை இருக்கிறது, மொழி தெரிந்த நடிகர்கள் கிராமத்திலேயே கிடைப்பார்கள். வசனம் முக்கால்வாசி அங்கேயே நின்று பேசிக்கொள்வது. காற்று மைக்கில் அடிக்கும். போர்க்காட்சியில் பத்துப் பேர் ஒரு பட்டாளம். செத்தவர் தொப்பி மாற்றிக்கொண்டு மறுபடி ஓடிவருவார்.

வெளி உலகம் மோங் முகத்தைத் திரையில் பார்த்தது 2008இல், கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் 'கிரான் டொரினோ'வில். மோங் நடிகர்களுக்கே அந்தப் பாத்திரங்களைக் கொடுத்தார்கள், அது பெரிய விஷயம்தான், சமூகத்தில் பலர் பெருமைப்பட்டார்கள். ஆனால் கதை வெள்ளைக்காரக் கிழவருடையது, மோங் பையன் அவர் காப்பாற்றுவதற்காக இருக்கிறான். அந்தப் பையனாக நடித்த பீ வாங் பின்னாளில் வெளிப்படையாகவே எழுதினார், ஆசியர்களைத் திட்டுகிற வசனங்களுக்குத் தியேட்டர் சிரித்ததைக் கேட்டது தனக்கு எப்படி இருந்தது என்று. 2010 வாக்கில் அவரும் ஷைனும் சேர்ந்து அந்தப் படத்தின் காட்சிகளைத் தலைகீழாக்கி ஒரு கேலிக் குறும்படம்கூட எடுத்தார்கள். சரி, அதைவிட முக்கியம், அந்தப் படத்தைப் பார்த்த மோங் பாட்டிகள் மறுநாள் மறுபடி தங்கள் சந்தை டிவிடிக்கே திரும்பினார்கள்.

2004-05இல் தாய்லாந்தின் தாம் கிராபோக் கோயில் வளாகத்தில் இருந்த சுமார் 15,000 மோங் அகதிகளை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. டிவிடி வியாபாரத்துக்கு அது புது ரத்தம், மொழி சுத்தமாகத் தெரிந்த பார்வையாளர்கள். ஆனால் அமெரிக்காவிலேயே பிறந்த தலைமுறை வேறு. 2010 கணக்கெடுப்பில் அமெரிக்காவில் மோங் மக்கள் 2,60,073, அதில் பாதிக்கு மேல் சின்னஞ்சிறுசுகளும் இளைஞர்களும். வீட்டு மொழி சமையலறை அளவுக்கு வரும், நாட்டுப்புறக் கதையின் பழைய வசனம் புரியாது. இவர்களுக்காக ஆங்கில வசன வரிகளோடு, ஒழுங்கான ஒலியோடு எடுக்க ஆரம்பித்தார்கள். கேங் வாங் 2009இல் எடுத்த படத்தின் பெயருக்கு 'நல்ல மனசு மருமகள்' என்று அர்த்தம், பெயரிலேயே பாட்டிகளுக்கு அழைப்பு இருக்கிறது. அதே ஆள் 2016இல் எடுத்த '1985' மினசோட்டாவில் பிரேக் டான்ஸ் ஆடும் மோங் பையன்களைப் பற்றியது. இரண்டு படமும் இரண்டு வேறு பார்வையாளர்களுக்கு. நடிகர் டோவா மோவா எழுதி நடித்த 'தி ஹார்வெஸ்ட்' மாதிரி விழாக்களுக்குப் போகிற படங்களும் இப்போது வருகின்றன. அவற்றைப் பார்க்கிற இளைஞர்களுக்குச் சந்தை டிவிடி என்றால் கொஞ்சம் கூச்சம், அம்மாவோடு உட்கார்ந்து பார்த்த ஞாபகம் மட்டும் பிடிக்கும்.

இதற்கிடையில் டிவிடி செத்துவிட்டது, எல்லாம் யூடியூப். இங்கேதான் கணக்கு விசித்திரமாகிறது. வியட்நாமில் மட்டும் 2019 கணக்குப்படி கிட்டத்தட்ட 14 லட்சம் மோங் மக்கள், லாவோஸில் ஆறு லட்சத்தை ஒட்டி. கையில் போன் வந்ததும் அவர்கள் எல்லோரும் பார்வையாளர்கள். ஒரு படத்துக்கு லட்சக்கணக்கில் பார்வை ஏறும், ஆனால் பார்க்கிற இடம் மலைக்கிராமம், விளம்பரக் காசு சில்லறை. டாலர் கொடுக்கக்கூடிய ஊரிலோ மொழி தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நமக்குச் சென்னை என்று ஒரு ஊர் படம் எடுத்து உலகத்துக்கே அனுப்புகிறது, இவர்களுக்கு அப்படி ஒரு ஊரும் இல்லை, நாடும் இல்லை, அதனால் ஒவ்வொருவரும் வேன் ஓட்டுநர், கேமராமேன், கடைக்காரர் மூன்றுமாக இருந்துதான் ஆக வேண்டும். கல்யாணம், நாலு நாள் நடக்கும் சாவுச்சடங்கு என்று வீடியோ எடுத்துச் சம்பாதித்ததை வைத்துப் படம் எடுக்கிறார்கள். ஊடக ஆய்வாளர் லோரி கிடோ லோபஸ் இதுபோன்ற சின்னஞ்சிறு ஊடகங்களைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். மோங் பெரியவர்கள் கூட்டு அழைப்புக்கான போன் எண்ணில் நூற்றுக்கணக்கில் நுழைந்து அதையே ரேடியோ மாதிரிக் கேட்கிற கதையெல்லாம் அதில் வருகிறது.

உலகத் திரைவிழாக்காரர்களுக்கு மோங் என்றால் 2021இல் வந்த வியட்நாம் ஆவணப்படம் 'சில்ட்ரன் ஆஃப் த மிஸ்ட்' ஞாபகம் வரும். சா பா பக்கம், மணப்பெண்ணைத் தூக்கிப்போகும் வழக்கத்தில் சிக்கின ஒரு சிறுமியைப் பற்றியது, ஆஸ்கர் குறும்பட்டியல் வரை போனது. நல்ல படம்தான். எடுத்த ஹா லே தியெம் தாய் இனத்தவர் (தாய்லாந்துத் தாய் இல்லை, வட வியட்நாமின் இன்னொரு சிறுபான்மை). மோங் ஆட்கள் தங்களுக்குத் தாங்களே எடுத்துக்கொண்ட படங்கள் எதுவும் அந்த உயரத்துக்குப் போனதாக எனக்குத் தெரிந்து இல்லை, போகவேண்டும் என்று அவர்களும் பெரிதாக அலட்டிக்கொண்டதில்லை.

இப்போது தரம். நேர்மையாகச் சொன்னால், மொழி தெரியாத நீங்கள் ஒரு சந்தைப் படத்தை உட்கார்ந்து பார்த்தால் அரைமணியில் எழுந்துவிடுவீர்கள். காட்சி நீளும், அழுகை நீளும், ஒலி உயிரை வாங்கும். நானும் முதலில் எழுந்தேன். இங்கிருந்து தொடங்குங்கள் என்று ஒரு படத்தைச் சொல்லவும் எனக்கு மனமில்லை. கூட ஒரு மோங் ஆள் இருந்தால் பாருங்கள், அவர் எங்கே நிறுத்துகிறார் என்று பாருங்கள்.

ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தின வாரம் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, போனை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு தாய்லாந்தில் எடுத்த ஏதோ புதுத் தொடர் பார்த்துக்கொண்டிருந்தார். மலை வந்தது, நிறுத்தவில்லை. ஒரு பெண் வந்தாள், பதினெட்டு வயசிருக்கும், நிறுத்தினார். மகனைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார், அவர் கீழே கருத்துப் பகுதியில் எழுதிப் போட்டார். நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் லாவோஸிலிருந்து யாரோ பதில் போட்டிருந்தார்கள்: அந்தப் பெண் வாங் குலம், அப்பா பான் வினாயில் பிறந்தவர். அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டு, அந்த அப்பா யார் மகன் என்று கேட்கச் சொன்னார்.